ஒட்டு மீசையும் குடவோலையும்: சிறுவர்களுக்கு நாட்டைக் கற்பிக்கும் வழிகள்

சுதந்திர தினம் நெருங்கினால் நம் தொடக்கப் பள்ளிகளில் ஒட்டு மீசைக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். முண்டாசு கட்டிய பாரதியார், சட்டைப் பொத்தானில் ரோஜா செருகிய நேரு, அட்டை வாளேந்திய வேலு நாச்சியார் என்று வகுப்புக்கு நாலைந்து பேர் மேடையேறுவார்கள். இன்னொரு பக்கம் தெர்மாகோலில் செங்கோட்டை, சார்ட் அட்டையில் தேசியச் சின்னங்கள், வண்ணக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய இந்திய வரைபடம். பதிவேட்டில் இவை எல்லாமே சமூக அறிவியல் செயல்பாடுகள். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி, பெற்றோருக்கும் படமெடுத்து உறவினர்களுக்கு அனுப்ப ஒரு காரணம். யாருக்கு என்ன நட்டம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தச் சில நிமிட மேடையில் ஏழு வயதுப் பிள்ளையின் மனம் எங்கே இருக்கிறது? மீசை நழுவிவிடக் கூடாதே என்பதிலும், மனப்பாடம் செய்த நாலு வரி நடுவில் மறந்துவிடக் கூடாதே என்பதிலும் இருக்கிறது. அமெரிக்க உளவியல் அறிஞர் டேனியல் வில்லிங்ஹாம் 2009இல் வெளியிட்ட நூலில் இதே மாதிரியான ஒரு வகுப்பைக் காட்டுகிறார். அடிமைத்தளையிலிருந்து தப்பியோடிய கறுப்பின மக்களைப் பற்றிய பாடத்துக்காக, அவர்கள் உண்ட ரொட்டியைப் பிள்ளைகளைக் கொண்டு சுட வைத்தார் ஓர் ஆசிரியர். பிள்ளைகள் அந்த நேரம் முழுக்க யோசித்ததோ மாவையும் பாலையும் அளப்பதைப் பற்றி. எதைப் பற்றி யோசிக்கிறோமோ அதுவே நினைவில் தங்கும் என்கிறார் வில்லிங்ஹாம். சிறுவர்களுக்கு நாட்டைக் கற்பிக்கும் செயல்பாடுகள் பற்றிக் கடந்த நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் விவாதத்தை இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி படிக்கலாம். கை என்ன செய்கிறது என்று மட்டும் பார்த்தால் நல்ல செயல்பாடும் வெறும் அலங்காரமும் ஒன்றுபோலவே தெரியும். பிள்ளையின் தலைக்குள் அப்போது எந்தக் கேள்வி ஓடுகிறது என்று பார்த்தால்தான் இரண்டும் பிரியும்.

செய்து கற்பது என்ற கருத்தின் தொடக்கத்திலேயே இந்தக் கேள்வி இருந்தது. அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி 1896இல் சிகாகோவில் தொடங்கிய சோதனைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பஞ்சும் கம்பளி மயிரும் கொடுக்கப்பட்டன. பருத்திக் காயிலிருந்து கொட்டையை நீக்கிப் பஞ்செடுக்க ஒரு குழு முப்பது நிமிடம் போராடியது. கிடைத்தது ஓர் அவுன்ஸுக்கும் குறைவு. தங்கள் முன்னோர் ஏன் பருத்தியை விட்டுக் கம்பளியை உடுத்தினார்கள் என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளைகளின் விரல்களிலேயே விடை கிடைத்தது. கம்பளியைவிடப் பருத்தித் தொழில் பிந்தி வளர்ந்ததற்குக் காரணம் இதுதான் என்று பிள்ளைகள் சொல்லித்தான் தமக்கே தெரியவந்தது என்று 1899இல் வெளியான நூலில் டூயி எழுதுகிறார். ஆசிரியருக்கே தெரியாத ஒன்றைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க இடமிருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி. நம் நாட்டில் 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடும், அதையொட்டி ஜாகிர் உசேன் குழு வகுத்த ஆதாரக் கல்வித் திட்டமும் இதே பஞ்சைத்தான் மையத்தில் வைத்தன. நூற்பது வழியாகவே கணக்கும் நிலவியலும் வரலாறும் கற்க வேண்டும் என்பது ஏற்பாடு. இந்தப் பருத்தி எந்த மண்ணில் விளைந்தது, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு ஏன் கப்பலேறியது, துணியாகத் திரும்பி வந்தபோது இங்கிருந்த நெசவாளர் என்ன ஆனார் என்ற கேள்விகள் நூற்கும் தக்ளியோடு கூடவே சுழல வேண்டும். காலப்போக்கில் பல ஆதாரப் பள்ளிகளில் தக்ளி மட்டும் சுழன்றது, கேள்விகள் நின்றுபோயின. ஆதாரக் கல்வி ஏன் தேய்ந்தது என்பதற்கு அரசியல் காரணங்களும் பொருளாதாரக் காரணங்களும் நிறைய உண்டு. வகுப்பறைக்குள் நடந்த தேய்மானம் இதுதான் என்று நினைக்கிறேன். செயலைப் பரப்புவது எளிது. அதற்குள் இருக்கும் கேள்வியைப் பரப்புவது கடினம். எந்தச் சீர்திருத்தமும் பெரிதாகும்போது முதலில் உதிர்வது கேள்விதான்.

தமிழ்நாட்டின் அண்மைக்கால அனுபவத்திலும் இதைப் பார்க்கலாம். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் சாதாரண மாற்றமல்ல. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்தார்கள். அவர்கள் எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. ரிஷிவேலி பள்ளியிடமிருந்து கற்ற அட்டைகளும் கற்றல் ஏணியும் வந்தன. அவரவர் வேகத்தில் படிக்கலாம் என்பது எழுத்துக்கும் கணக்குக்கும் பெரிய விடுதலை. சமூக அறிவியலுக்கு அந்த ஏணி அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பது என் கணிப்பு. நாடு என்பது தனியாக ஏறி முடிக்கும் படிக்கட்டு கிடையாது. இருவர் ஒரே படத்தைப் பார்த்து வேறு வேறாகச் சொல்ல வேண்டும், யார் சொல்வது சரி என்று ஆதாரம் தேட வேண்டும், அதில் சிலசமயம் சண்டையும் வர வேண்டும். அட்டையை முடித்து அடுத்த படிக்குப் போகும் ஏற்பாட்டில் அந்தச் சண்டைக்கு இடம் குறைவு. இன்னொரு இடைஞ்சலும் உண்டு. தேசியக் கல்வி ஆராய்ச்சிக் குழுவின் பாடநூல்கள் ஐந்தாம் வகுப்புவரை அறிவியலையும் சமூக அறிவியலையும் சேர்த்துச் சூழ்நிலையியலாக வைத்திருக்க, நம் மாநிலப் பாடத்திட்டம் மூன்றாம் வகுப்பிலேயே இரண்டையும் பிரித்துவிடுகிறது. தண்ணீர் என்ற ஒரே பொருளில் நீர்ச் சுழற்சி ஒரு நூலுக்கும், அணைக்கட்டு இன்னொரு நூலுக்கும் போய்விடுகின்றன.

ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு நாடு என்றால் என்ன என்பதை ஆராய்ந்தவர்களிடம் போவோம். பியாஜேயும் வெய்லும் 1951இல் வெளியிட்ட ஆய்வு ஜெனீவா நகரப் பிள்ளைகளைப் பற்றியது. ஜெனீவா சுவிட்சர்லாந்தில் இருக்கிறது என்று சிறு பிள்ளைகள் சரியாகவே சொன்னார்கள். வட்டம் போட்டுக் காட்டச் சொன்னால் ஜெனீவாவுக்கு ஒன்றும் சுவிட்சர்லாந்துக்கு ஒன்றுமாகப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தார்கள். நீ ஜெனீவாக்காரனா, சுவிஸ்காரனா என்றால், இரண்டாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்றார்கள். ஊர், மாவட்டம், மாநிலம், நாடு என்று பெட்டிக்குள் பெட்டியாக நாம் கற்பிப்பது, வாயால் ஒப்பிக்கும் வயதில் மனத்தில் இறங்குவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. கஸ்டவ் யகோடா 1963இல் கிளாஸ்கோவில் 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தபோது படம் சற்று மாறியது. எல்லாப் பிள்ளைகளும் பியாஜே சொன்ன வரிசையில் போகவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்கள். அப்படியானால் இது முழுக்க வயதின் கையில் இல்லை. கிடைத்த அனுபவத்தின் கையிலும் இருக்கிறது. 1990களில் இங்கிலாந்தில் பீட்டர் லீயும் குழுவினரும் 7 முதல் 14 வயதுவரையான பிள்ளைகளின் வரலாற்றுச் சிந்தனையை ஆராய்ந்தபோது, ஏழு வயதுப் பிள்ளைகள் சிலரின் சிந்தனை பதினான்கு வயதினர் சிலரைவிட நுட்பமாக இருந்தது தெரியவந்தது. சின்னப் பிள்ளைக்கு இது புரியாது என்று முன்கூட்டியே கதவைச் சாத்துவதற்கு இந்த ஆய்வுகளில் ஆதரவில்லை.

இதையொட்டி எழுந்த ஒரு பழைய சண்டையைச் சொல்லியாக வேண்டும். அருகிலிருந்து தொலைவுக்கு என்பது உலகெங்கும் தொடக்க வகுப்புச் சமூக அறிவியலின் வழக்கம்: முதலில் குடும்பம், பிறகு பள்ளி, தெரு, ஊர், மாநிலம், நாடு. அமெரிக்காவில் பால் ஹன்னா இதை ஒரு முறையாகவே வகுத்தார். கனடாவின் கீரன் ஈகன் இதைக் கடுமையாக மறுத்தார். பிள்ளைகளைக் கட்டிப்போடுவது ராஜாவும் ராட்சசனும் கடலுக்கப்பாலுள்ள தீவும்தான். அடுத்த தெருத் தபால்காரரைப் பற்றி அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதைப் பாடமாக்கினால் கொட்டாவிதான் வரும் என்பது அவர் வாதம். பாட்டி கதை கேட்டு வளர்ந்த எந்தச் சமூகமும் ஈகனை எளிதில் மறுத்துவிட முடியாது. ஆனால் இரு தரப்பும் அருகு, தொலைவு என்ற இரண்டு இடங்களை மட்டுமே பார்க்கின்றன. இரண்டையும் கட்டும் கயிற்றை யாரும் கையில் எடுப்பதில்லை. பெட்டிக்குள் பெட்டி புரியாத வயதிலும், இது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி புரியும். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் நாடு தானாகவே எதிர்ப்படும்.

சென்னையில் ஒரு மூன்றாம் வகுப்பு, பள்ளிக் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் விடை லாரி அல்லது நீர்த்தேக்கத் தொட்டி. அடுத்தது புழல், செம்பரம்பாக்கம், பூண்டி. பூண்டிக்கு எங்கிருந்து என்று கேட்டால் ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாயில் ஊத்துக்கோட்டை வழியாக வருகிறது. அது கிருஷ்ணா நதியின் நீர். கிருஷ்ணா பிறப்பது மகாராஷ்டிரத்தின் மகாபலேஸ்வரத்தில். அன்று அந்த ஆறு ஓடிய மூன்று மாநிலங்கள் ஆளுக்கு 5 டி.எம்.சி. தர ஒப்புக்கொண்டன, வழியில் ஆவியாவது போக 12 டி.எம்.சி. தமிழ்நாட்டு எல்லையில் தருவதாக 1983இல் ஒப்பந்தமானது. 1996இல்தான் முதன்முதலாகத் தண்ணீர் வந்தது. வீராணம் ஏரியிலிருந்து வருவதோ கொள்ளிடம் வழியாக வந்த காவிரி. அதன் ஊற்று குடகில். ஒரு டம்ளர் தண்ணீரைத் தொடர்ந்துபோன பிள்ளை, மாநிலம் என்றால் என்ன, அவை ஏன் பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது, பேச்சு முறிந்தால் என்ன ஆகும், ஒப்பந்தமாகிப் பதின்மூன்று ஆண்டுகள் ஏன் தேவைப்பட்டன என்ற கேள்விகளுக்கு வந்து நிற்கும். கூட்டாட்சி என்ற சொல் அதற்குப் பிறகு வரலாம். அப்போது அதற்கு ஒரு பொருள் இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் இதே கேள்வி முல்லைப் பெரியாற்றுக்குப் போகும். அணை நிற்பது கேரளத்தில், பராமரிப்பது தமிழ்நாடு, கட்டி முடித்தது 1895இல் என்ற மூன்று செய்திகளையும் சேர்த்து வைத்தாலே ஒரு வாரத்துக்கான வேலை இருக்கிறது. தஞ்சை வட்டாரத்தில் ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதிலிருந்து தொடங்கலாம்.

ரேஷன் கடையும் அப்படித்தான். ஒரே கடையில் வாங்கிய அரிசி, கோதுமை, துவரம் பருப்பு, பாமாயில் நான்கையும் வரைபடத்தில் அவை விளையும் இடத்தோடு நூல் கட்டி இணைத்தால், கோதுமை வடக்கே போகும், பாமாயில் கடலைத் தாண்டி மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் போகும். இதற்குத் தெர்மாகோல் தேவையில்லை. ஒரு பழைய வரைபடமும் நூல்கண்டும் போதும். பத்து ரூபாய்த் தாளில் இன்னொரு பாடம் அச்சாகியே இருக்கிறது. அதிலுள்ள மொழிப் பட்டியலில் 15 மொழிகள். இந்தியும் ஆங்கிலமும் வெளியே பெரிதாக. தமிழ் எத்தனையாவது வரி என்று தேடுவது விளையாட்டு. ஏன் அந்த இடத்தில் என்று கேட்டால் ஆங்கில அகரவரிசை பிடிபடும். அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்க, தாளில் இல்லாத ஆறு எவை என்று கேட்டால் போடோ, டோக்ரி, மைதிலி, மணிப்புரி, சந்தாலி, சிந்தி என்று வரும். தன் மொழி தாளில் இல்லாத ஒரு பிள்ளை இதைப் பார்த்து என்ன நினைக்கும் என்று நம் பிள்ளைகள் யோசிக்கத் தொடங்கினால், வேற்றுமையில் ஒற்றுமை என்று நோட்டில் பத்து முறை எழுத வைப்பதைவிட அது மேல். மயிலாடுதுறையில் ஒரே தெருவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்தின் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்தால், 1991க்கு முந்தையதில் தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 2020க்குப் பிறகு மயிலாடுதுறையே மாவட்டம். வீடு நகரவில்லை, கோடு நகர்ந்திருக்கிறது. எல்லைகள் மனிதர் போட்டவை, காரணத்தோடு போட்டவை, மாற்றத்தக்கவை என்பதை ஒன்பது வயதில் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான கருவி வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

வரலாற்றுக்கு வருவோம். நம் வகுப்பறைகளில் மிகவும் பிடித்தமான செயல்பாடு குடவோலை. பானையைக் கொண்டுவந்து, ஓலை நறுக்கில் பெயரெழுதிப் போட்டு, ஒரு பையனைவிட்டு எடுக்கச் சொல்லி, வந்த பெயருக்குக் கைதட்டுவார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் மக்களாட்சி இருந்தது என்று பாடம் முடியும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இதைவிட எவ்வளவோ சுவையானவை. முதலாம் பராந்தகன் காலத்தில் 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் அவை. குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப்பகுதிகளிலிருந்து ஓலை எடுத்து ஏரி வாரியம், தோட்ட வாரியம் போன்றவற்றுக்கு ஆள் அமர்த்தினார்கள். ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமென்றால் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் தகுதியற்றவர். அவருடைய உறவினர்களும் தகுதியற்றவர்கள். இது ஒரு பிரமதேயத்தின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊரின், சபை. ஆக, ஓலைகளைப் பானையில் போடுவதற்கு முன்னால் ஆசிரியர் ஒரு காரியம் செய்யலாம். வகுப்பிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டைக் கொடுக்கலாம்: ஒருவர் கால் வேலி நிலமுள்ள பிராமணர், ஒருவர் குத்தகை உழவர், ஒருவர் கொல்லர், ஒருவர் பெண், ஒருவர் கணக்குக் காட்டாதவரின் மைத்துனர். யார் யார் பெயர் ஓலையில் ஏறும் என்று கல்வெட்டின் விதியை வைத்துப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும். முப்பத்தைந்து பேர் வகுப்பில் மூன்று ஓலைதான் தேறும். அப்போது எழும் கூச்சல்தான் பாடம். அதன்பின் இரண்டு கல்வெட்டுகளையும் ஒப்பிடச் சொல்லலாம்: 919இல் வயது 30 முதல் 60, 921இல் 35 முதல் 70. இரண்டே ஆண்டில் விதியை மாற்றியிருக்கிறார்களே, அந்த ஊரில் என்ன நடந்திருக்கும்? உறுதியான விடை யாரிடமும் இல்லை. ஊகம் எது, ஆதாரம் எது என்று பிரித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடமும் இல்லை. இன்றைய ஊராட்சியில் 18 வயதில் வாக்கு, நிலமில்லாதவருக்கும் வாக்கு, 2016 முதல் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்பவற்றைப் பக்கத்தில் வைத்தால், பெருமைக்குரியது எது, கடந்து வந்தது எது என்று இரண்டும் தெரியும்.

இப்படிச் சொன்னதும் முதலில் வரும் மறுப்பு, பிள்ளைக்கு முதலில் செய்தி தெரிய வேண்டாமா என்பது. எதுவும் தெரியாதவனிடம் கேள்வியை மட்டும் கொடுத்தால் அவன் திணறுவான் என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் வலுவாக வாதிட்டார்கள். பொது அறிவுக் கிட்டங்கி நிரம்பாமல் வாசிப்பே வளராது என்பது ஈ.டி. ஹர்ஷ் 1987 முதல் சொல்லிவருவது. இந்த மறுப்பில் பாதியை நான் அப்படியே ஏற்கிறேன். மகாபலேஸ்வரம் எங்கே என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்; கால் வேலி என்றால் எவ்வளவு என்பதைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் செயல்பாடு என்றாலே வழிகாட்டல் இல்லாத அலைச்சல் என்று எடுத்துக்கொள்வது நியாயமில்லை. இதில் நம்பத்தக்க ஒரு சோதனை இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளில், இரண்டாம் வகுப்பாசிரியர்கள் 48 பேரை நெல் டியூக், ஆன்-லீஸ் ஹல்வோர்சன் குழுவினர் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் திட்டப்பணி வழியாகச் சமூக அறிவியல் கற்பித்தார்கள். அதில் ஒரு பணி, ஊர்ப் பூங்காவைச் சீர்செய்யும்படி உள்ளாட்சிக்கு ஆலோசனை எழுதுவது. மறுபாதியினர் வழக்கம்போலக் கற்பித்தார்கள்; சமூக அறிவியலுக்கு இத்தனை வகுப்புகள் என்று ஓர் இலக்கு மட்டும் அவர்களுக்குத் தரப்பட்டது. 2021இல் வெளியான முடிவின்படி, திட்டப்பணி வகுப்புகள் சமூக அறிவியலிலும் தகவல் நூல்களை வாசிப்பதிலும் முந்தின. எழுதுவதிலும் ஆர்வத்திலும் வேறுபாடு தென்படவில்லை. செயல்பாடு என்றால் பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள் என்று விளம்பரம் செய்பவர்கள் கடைசி வாக்கியத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். இன்னொரு செய்தி: பாடத்திட்டக் குறிப்புகளை நெருக்கமாகப் பின்பற்றிய ஆசிரியர்களின் வகுப்புகளில் எழுத்தும் ஆர்வமும்கூட வளர்ந்திருந்தன. செய்தியும் கேள்வியும் எந்த வரிசையில் வர வேண்டும் என்று யாரோ முன்கூட்டியே உழைத்து வைத்திருந்தால்தான் செயல்பாடு பலன் தரும்.

இரண்டாவது மறுப்பு இதைவிட ஆழமானது. சின்ன வயதில் நாட்டின்மேல் பற்று வரட்டும், குறை காணப் பிறகு காலமிருக்கிறது என்பது. ஹெஸ், டார்னி இருவரும் 1967இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, பள்ளிப் பிள்ளைகள் அரசை முதலில் ஒரு நல்ல மனிதரின் முகமாகத்தான், குறிப்பாக அதிபரின் முகமாக, அறிகிறார்கள் என்று காட்டியது. பற்று எப்படியும் முன்னதாகவே வந்துவிடுகிறது என்று இதற்குப் பொருள். கொடியையும் கீதத்தையும் பள்ளி கற்பிக்காவிட்டாலும் கிரிக்கெட் கற்பித்துவிடும். பள்ளி மட்டுமே தரக்கூடியது கேள்வி கேட்கும் பழக்கம். ஆனால் கேள்வி கேட்கவைக்கும் பாடத்துக்கு எதிர்ப்பு வரும் என்பதையும் மறைக்கக் கூடாது. ஜெரோம் புரூனர் முன்னின்று உருவாக்கிய 'மனிதன்: ஒரு பாடத்திட்டம்' பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு நெட்சிலிக் இனுவிட் மக்களின் வாழ்க்கையைக் காட்டி, மனிதரை மனிதராக்குவது எது என்று கேட்டது. சிசுக்கொலையும் முதியோரைக் கைவிடுவதும் அதில் இடம்பெற்றதால் பெற்றோர் கொதித்தார்கள். 1975இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் விவாதமாகி நிதி நின்றது. நம் மத்தியப் பிரதேசத்தில் ஏகலவ்யா அமைப்பு அரசு நடுநிலைப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய சமூக அறிவியல் திட்டமும், அதோடு சேர்ந்த ஹோஷங்காபாத் அறிவியல் திட்டமும் ஆண்டுக்கணக்காக ஓடி, 2002இல் மாநில அரசால் நிறுத்தப்பட்டன. புரூனரின் பாடம் அறிவாளிகள் அறையில் உருவாகிப் பெற்றோரின் வீட்டுக்குத் திடீரென வந்தது. குழாய்த் தண்ணீரும் ரேஷன் கடையும் பெற்றோருக்கு ஏற்கெனவே தெரிந்தவை. வீட்டில் தகப்பன் கேட்கும் கேள்வியைத்தான் பிள்ளை பள்ளியிலும் கேட்கிறது. எதிர்ப்பு அறவே வராது என்று சொல்ல மாட்டேன். வரும்போது அதற்குப் பதில் சொல்லப் பெற்றோரே பாதி இருப்பார்கள்.

மூன்றாவது சிக்கலை மறுப்பு என்று யாரும் எழுப்புவதில்லை. எழுப்பாமலிருப்பதே சிக்கல். ஊரை வரைந்து வா, குடும்ப மரம் வரை, அப்பாவின் தொழிலைப் பற்றி எழுது என்பவை செயல்பாட்டுக் கையேடுகளில் முதலிடம் பிடிப்பவை. தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஊரை வரையச் சொன்னால், ஊர்த்தெருவும் காலனியும் தனித்தனியாக வரும். சுடுகாடும் இரண்டாக வரலாம். வரைந்த பிள்ளை எந்தப் பக்கம் வாழ்கிறது என்பது வகுப்புக்கே தெரிந்துவிடும். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் தாக்கப்பட்டதையடுத்து நியமிக்கப்பட்ட நீதியரசர் சந்துருவின் ஒருநபர் குழு, சாதி அடையாளக் கயிறுகள் உட்பட, பள்ளிக்குள் சாதி நுழையும் வழிகளைத் தடுக்க 2024இல் பரிந்துரைகள் அளித்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டு வரைபடத்தில் அதையே வரைய வைப்பது பொறுப்பில்லாத வேலை. அதற்காகச் சாதியைப் பேசாமலே நாட்டைக் கற்பிப்பதும் பொய்யாகிவிடும். எனக்குத் தெரிந்த வழி, கேள்வியைப் பிள்ளையின் குடும்பத்தின்மேல் திருப்பாமல் பொருளின்மேலோ விதியின்மேலோ திருப்புவது. குடவோலைச் சீட்டுகளில் வரும் குத்தகை உழவர் ஆயிரம் ஆண்டுக்கு முந்தையவர். அவருக்காகக் கோபப்பட எல்லாப் பிள்ளைகளாலும் முடியும். தெரு விளக்குகளையும் குடிநீர்க் குழாய்களையும் எண்ணி வரைபடத்தில் குறிக்கச் சொன்னால், எந்தப் பக்கம் எத்தனை என்று எண்ணிக்கையே பேசும். யாருடைய வீடு என்று யாரும் கேட்கத் தேவையில்லை. அப்பா இல்லாத பிள்ளைக்கும் ஆதரவில்லாத பிள்ளைக்கும் குடும்ப மரம் எப்படி இருக்கும் என்றும் கையேடு எழுதுபவர்கள் ஒருமுறை யோசிக்கலாம்.

எண்ணியதை எங்கே கொண்டுபோவது? தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்தது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்து ஆறாகியிருக்கிறது. மாதிரி நாடாளுமன்றம் நடத்திப் பிரதமராகவும் எதிர்க்கட்சித் தலைவராகவும் நடிப்பது நல்ல நாடகப் பயிற்சி. அதில் எடுக்கும் முடிவால் எங்கும் ஒரு விளக்கும் எரியாது என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். கர்நாடகத்தில் ஊராட்சிகள் குழந்தைகளுக்கென்றே தனியாகக் கிராம சபை கூட்டும் வழக்கத்தை வளர்த்திருக்கின்றன. பிள்ளைகள் தங்கள் கணக்கெடுப்போடு வந்து ஊராட்சித் தலைவரிடமே கேட்கிறார்கள். ஊராட்சித் தலைவர் 'நிதி இல்லை' என்று பதில் சொன்னால் அதுவும் பாடம்தான். நிதி எங்கிருந்து வருகிறது என்று அடுத்த கேள்வி மாநிலத்துக்கும், அங்கிருந்து ஒன்றியத்துக்கும் இழுத்துச் செல்லும்.

ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளை வைத்துக்கொண்டு இதையெல்லாம் யார் செய்வது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்தால்தான் நன்றாக நடக்கும் என்பது ஓர் ஆறுதல். சிறியவர் எண்ணுவார், பெரியவர் எழுதுவார். உண்மையான முட்டுக்கட்டை தேர்வில் இருக்கிறது. முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். அந்த 40இல் செயல்பாட்டுக்கு இடம் வந்தது. அது நாளடைவில் கடையில் வாங்கிய தலைவர்கள் படத்தை வெட்டி ஒட்டும் ஆல்பமாயிற்று. 60இல் பழைய இரண்டு மதிப்பெண் கேள்விகளே நீடித்தன. ஏகலவ்யா திட்டத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்தே தேர்வெழுத விட்டார்கள். பாடத்தில் அப்படியே விடை இல்லாத கேள்வியைக் கேட்க வேண்டிய கட்டாயம் கேட்பவருக்கு வந்தது. நம் வினாத்தாளிலும் குடவோலை முறை என்றால் என்ன என்று கேட்பதற்குப் பதிலாக, 919, 921 ஆண்டுகளின் வயது விதிகளை அச்சிட்டுத் தந்து, புதிதாக யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்று கேட்கலாம். முப்பத்திரண்டு வயதுக்காரர் வெளியே போனார், அறுபத்தைந்து வயதுக்காரர் உள்ளே வந்தார் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். ஏன் என்பதற்கு வகுப்பில் பத்து விடைகள் வரும். காரணம் சொன்ன எந்த விடைக்கும் மதிப்பெண் தர வேண்டியிருக்கும். ஒரே விடைக்குறிப்பை வைத்து மாவட்டம் முழுக்கத் திருத்தும் வழக்கம் அதோடு முடிந்துவிடும். செயல்பாட்டுக் கையேடுகளை மறுபடி அச்சிடுவதற்கு முன் கல்வித்துறை தீர்மானிக்க வேண்டியது, அதற்குத் தான் தயாரா என்பதைத்தான்.